முழங்கையால் பார்க்கும் சூடு

திருப்பூரில் நான் ஓவர்லாக் அடித்த மிஷினுக்கு ஒரு டிராயர் உண்டு. ஊசிப் பெட்டி, டிரிம்மர், எண்ணெய்ப் புட்டி, இவற்றோடு ஒரு மாத்திரை அட்டையும் அதில் எப்போதும் கிடக்கும். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். பதினொரு மணி டீக்கு ஒரு மாத்திரை, சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொன்று. தலை வலித்த பிறகு மாத்திரை போட்டதெல்லாம் முதல் வருஷம் மட்டும்தான். அதற்குப் பிறகு, வலி வந்துவிடுமோ என்ற பயத்தில் முன்கூட்டியே விழுங்க ஆரம்பித்தேன். கப்பல் தேதி நெருங்கும்போது ஒரு கை ஓய்ந்தாலும் முழு லைனும் நின்றுபோகும். பீஸ் ரேட் வேலை வேறு. தலைவலிக்காக லீவு போடுகிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது.

தலைவலியைப் பற்றியாவது வெளியில் சொல்லலாம். மலச்சிக்கலை யாரிடம் சொல்வது? எழுந்து போனால் பீஸ் குறையும் என்று அடக்குவேன். அடிக்கடி எழ வேண்டி வரும் என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன். நாளைக்கு ஏழெட்டு டீ, இரண்டு பன், ராத்திரி ரோட்டோரக் கடையில் பரோட்டா. நாலு நாளைக்கு ஒருமுறை வயிறு போனால் அது நல்ல வாரம். முப்பது வயதில் நெஞ்செரிச்சலும் சேர்ந்தது. அதற்கும் ஒரு மாத்திரை வந்தது. டிராயரில் இப்போது இரண்டு அட்டைகள்.

2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்கு அந்த உத்தரவு வந்தே தீர வேண்டியதுதான். ஆனால் சாயம் ஏறாத துணியை வைத்துக்கொண்டு நாங்கள் எதைத் தைப்பது? எங்கள் கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று ஆனது, அப்புறம் இரண்டு. பதினாறு வருஷத்தில் முதல்முறையாகக் கையில் வெறும் நாட்கள் வந்து விழுந்தன. கடையநல்லூர்க்காரரான எங்கள் கட்டிங் மாஸ்டர்தான் சொன்னார்: “கடையத்துக்கு மேற்க, மலையடிவாரத்துல ஒரு வைத்திய சாலை இருக்கு. மண்ணு, தண்ணி, பட்டினி, அவ்வளவுதான். ஒரு இருபது நாள் போய்க் கெடந்து பாரு.”

போனேன். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது.

அந்த இடத்தை நடத்திய பெரியவரை எல்லோரும் ஐயா என்றே கூப்பிட்டார்கள். எழுபதை நெருங்கியவர். கதர் வேட்டி, தோளில் ஒரு துண்டு. என் தலையைத் தொட்டுப் பார்ப்பார், நாடி பிடிப்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு எழுவேன், எப்போது பசிக்கும், எத்தனை டீ, அதில் எத்தனை கரண்டி சீனி, தண்ணீர் எவ்வளவு, மலம் எந்த நிறம், மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுவேன். கடைசிக் கேள்விக்கு “எல்லா நாளும்” என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “நாளைக்கு டாக்டரம்மா வருவாங்க. அந்த அட்டைகள எடுத்துட்டு வாங்க தம்பி” என்றார்.

அந்த அம்மையார் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 2000-இல் தொடங்கிய கல்லூரி அது. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. வாரத்தில் இரண்டு நாள் வருவார். என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல், மூன்று மாதத்தையும் தாண்டி வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். நிறுத்தினால் வலி முதலில் கூடும், பிறகு இறங்கும். நெஞ்செரிச்சலுக்கும் அதே மாத்திரைதான் காரணமாக இருக்கலாம் என்றார். இது இயற்கை மருத்துவத்துக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் ஒன்றும் கிடையாது, எந்த நரம்பியல் மருத்துவரும் சொல்லக்கூடியதுதான். கேட்பதற்கு எனக்கு ஒரு நாள் ஓய்வு வாய்க்கவில்லை.

மாத்திரையையும் டீயையும் அவர் கண்காணிப்பில் ஒன்றாக நிறுத்தினேன். அடுத்த எட்டு நாட்களை இப்போது நினைத்தாலும் பின்மண்டை கனக்கிறது. வலி கூடும்போதெல்லாம் காலை ஒரு வாளி வெந்நீரில் விட்டு, உச்சந்தலையில் குளிர்ந்த ஈரத்துணி வைத்து, கழுத்துவரை போர்வை போர்த்தி உட்கார வைப்பார்கள். ரத்தம் காலுக்கு இறங்குவது போல ஒரு கனம் வரும், தலை லேசாகும். அரை மணி நேரத்துக்குத்தான் அந்தச் சுகம். அந்த அரை மணிக்காக மற்ற நேரத்தைப் பொறுத்துக்கொண்டேன். காலையில் வயிற்றில் மண் பட்டி, பிறகு இடுப்புக் குளியல், வெண்பூசணிச் சாறு, மதியம் கீரையும் காயும், பொழுது சாய்வதற்குள் பழமும் தேங்காய்த் துருவலும். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் யாரும் எழுப்பாமல், எனிமா இல்லாமல், வயிறு தானாகப் போனது. அன்று மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது தலையில் ஒன்றுமே இல்லை. வலி இல்லாத தலை எப்படியிருக்கும் என்பதே மறந்து போயிருந்தது எனக்கு. திண்ணையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

இருபத்தொரு நாள் முடிந்து ஊர் திரும்பினேன். மிஷினில் உட்கார்ந்தேன். உட்கார முடிந்தது, மனசு உட்காரவில்லை. ஆறு மாதம் கழித்து வீட்டில் சொன்னேன். “ஏனுங்க, வாரக் கூலிய விட்டுப்போட்டு மண்ணக் கொழைக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி. அப்படிக் கேட்டவள்தான் அடுத்த நாலு வருஷமும் செக்கிங் வேலைக்குப் போய் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தாள். நான் கற்றுக்கொண்டதற்கு அவள்தான் சம்பளம் கட்டினாள் என்று எழுதுவதே சரி.

சிகிச்சை உதவியாளாகச் சேர்ந்தேன். சாப்பாடு, தங்க இடம், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். முதல் ஆறு மாதத்துக்கு நோயாளிகள் யாரையும் தொட ஐயா விடவில்லை. மண்ணும் துணியும்தான் என் வேலை.

மண்ணைப் பற்றி அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயில் புற்று மண்ணைத் தோல் வியாதிக்குப் பூசி வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் வைத்திய சாலை மண்ணுக்குக் கணக்கு வேறு. மேல்மண் ஆகாது. உரமும் பூச்சி மருந்தும் விழாத இடமாகப் பார்த்து, மூன்று நாலு அடி ஆழத்துக்குக் கீழே எடுக்க வேண்டும். வெயிலில் பரப்பிக் காய வைத்து, கட்டியைத் தட்டி, சல்லடையில் சலிக்க வேண்டும். ஒரு சின்னக் கல் தங்கினாலும் படுத்திருப்பவரின் வயிற்றில் அது உறுத்தும். முதல் நாள் இரவே மண்பானையில் ஊறப் போட்டு, விடியற்காலை மரக்கட்டையால் கிளற வேண்டும். பதம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். “இட்லி மாவ விடக் கெட்டி, சப்பாத்தி மாவ விட இளக்கம்” என்றார் சமையலறை அக்கா. இன்றுவரை அதைவிட நல்ல அளவு எனக்குக் கிடைக்கவில்லை. பத்து அங்குல நீளம், ஆறு அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். மல் துணியில் வைத்துச் செங்கல்லைப் போல மடித்து, தொப்புளுக்குக் கீழே அடிவயிற்றில் வைக்க வேண்டும். வெறும் வயிறாக இருக்க வேண்டும். இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. மாதவிலக்கு நாட்களில் வைப்பதில்லை, கர்ப்பிணிகளுக்கும் கிடையாது, குளிர் காய்ச்சல்காரருக்கும் கிடையாது. ஒருவருக்கு வைத்த மண்ணை இன்னொருவருக்கு வைப்பதும் கிடையாது. சாரல் மாதங்களில் ஈர மண் விடியற்காலையில் ஐஸாக இருக்கும். அந்த நாட்களில் பட்டியின் மேல் கம்பளி போர்த்தாமல் விட்டால் சிகிச்சையே தண்டனையாகிவிடும்.

துணி எனக்குத் தெரிந்த உலகம் என்று நினைத்திருந்தேன். ஈரப்பட்டி கட்டத் துணி வேண்டும் என்று ஐயா கேட்டதும், ஊரிலிருந்து நல்ல பனியன் துணியாகக் கொண்டுவந்து வெட்டிக் கொடுத்தேன். வாங்கித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து என் கையிலேயே சுற்றினார். ஐந்து நிமிடத்தில் தொய்ந்து இறங்கியது. எவ்வளவு பிழிந்தாலும் உள்ளே நீர் நின்றது. பின்னல் துணி இழுத்தால் இழுபடும், நீரை விடாது. பதினாறு வருஷம் அதைத் தைத்தவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். கைத்தறி நெசவுத் துணிதான் வேண்டும். அதுவும் புதுத் துணியில் கஞ்சி இருக்கும், நீர் ஏறாது. பத்துத் தடவை துவைத்துப் பழசான வேட்டிதான் அதற்கு உகந்தது.

ஈரப்பட்டியின் சூட்சுமம் ஈரத்தில் இல்லை, மேலே சுற்றுகிற உலர்ந்த கம்பளித் துணியில் இருக்கிறது. நன்றாகப் பிழிந்த ஈரத்துணி முதலில் குளிரும். உடம்பு அதைச் சூடாக்கப் பார்க்கும். அந்தச் சூடு வெளியே போகாமல் கம்பளி தடுத்தால் உள்ளே வெதுவெதுப்புப் பரவும். ஈரத்துணியின் ஓரம் ஒரு விரல்கடை வெளியே தெரிந்தாலும் காற்றுப் பிடித்து, நோயாளி நடுங்குவார். ஆகவே கம்பளி இரு பக்கமும் ஓர் அங்குலமாவது அகலமாக இருக்க வேண்டும். கட்டிப் பத்து நிமிடத்தில் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும். சூடேறாமல் இருந்தால் உடனே அவிழ்த்துவிட்டு உடம்பைச் சூடுபடுத்த வேண்டும். அங்கே கிடந்த பட்டிகள் அகலம் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல், ஊசி குத்தி நிற்கும். மார்புக்கு, வயிற்றுக்கு, தொண்டைக்கு, முழங்காலுக்கு என்று தனித்தனி அளவில், ஓரம் மடித்து நாடா வைத்து ஒரு செட் தைத்தேன். ஐயா எடுத்துப் பார்த்தார், ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்தார். மறுநாள் முதல் என்னை நோயாளிகளிடம் அனுப்பினார்.

தொட்டி வேலை அங்கிருந்து தொடங்கியது. இடுப்புக் குளியல் தொட்டி சாய்வு நாற்காலியைப் போல இருக்கும். நீர் தொப்புள் வரை நிற்கும், காலும் மேலுடம்பும் வெளியே உலர்ந்திருக்கும். சொரசொரப்பான துணியால் அடிவயிற்றை வலப்பக்கம் கீழிருந்து மேலே, அங்கிருந்து குறுக்கே, பிறகு இடப்பக்கம் கீழே என்று தேய்க்கச் சொல்ல வேண்டும். பெருங்குடல் போகிற வழி அது. பத்து நிமிடத்தில் எழுப்பித் துடைத்து நடக்க விட வேண்டும். நடந்து சூடேறாவிட்டால் குளித்த பலன் இல்லை. நீராவிக் குளியல், முதுகுத்தண்டுக் குளியல், வெயிலில் வாழையிலை சுற்றிப் படுக்க வைப்பது எல்லாம் பின்னால் வந்தன. அவற்றையெல்லாம் விவரித்தால் இது பாடப்புத்தகமாகிவிடும்.

ராத்திரிகளில் ஐயா படிக்கச் சொல்லுவார். புதுக்கோட்டையில் இருந்து இயற்கை வைத்தியம் செய்த கே. லட்சுமண சர்மாவின் புத்தகங்கள் அவருக்கு வேதம். லீப்சிக் நகரத்து லூயி கூனே இடுப்புக் குளியலை எப்படி உலகெங்கும் பரப்பினார் என்பதையும், பவேரியாவின் பாதிரியார் செபாஸ்டியன் நைப் இளம் வயதில் காசநோயோடு டான்யூப் ஆற்றின் குளிர்ந்த நீரில் இறங்கி எழுந்ததையும் அவர் சொல்லித்தான் கேட்டேன். 1886-இல் நைப் எழுதிய நீர் சிகிச்சைப் புத்தகம் பல பதிப்புகள் கண்டது. நோயாளியாக இருந்து வைத்தியரானவர்கள்தான் இந்தத் துறையில் அதிகம் என்பார் ஐயா. ‘சத்திய சோதனை’யை நான் முழுதாகப் படித்தது அங்கேதான். தென்னாப்பிரிக்காவில் காந்திக்கும் மலச்சிக்கலும் அடிக்கடி தலைவலியும் இருந்திருக்கின்றன. பேதி மருந்துகளிலேயே காலம் தள்ளியிருக்கிறார். காலைச் சாப்பாட்டை விட்டதும் தலைவலி போயிருக்கிறது. கூனேயின் குளியலில் மலச்சிக்கல் கொஞ்சம் தணிந்ததே தவிரத் தீரவில்லை. அடால்ஃப் யூஸ்ட் எழுதிய புத்தகத்தைப் படித்து, மெல்லிய துணியில் ஈர மண்ணை வைத்து ராத்திரி வயிற்றில் கட்டிப் படுத்த பிறகே தீர்ந்தது என்று எழுதுகிறார். அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. என் வியாதி, என் மண்.

அந்த உற்சாகத்தில்தான் தப்புச் செய்தேன்.

2012 ஐப்பசி. களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். வாழை விவசாயி. இருபது வருஷமாகச் சர்க்கரை. ராத்திரித் தூக்கமில்லை என்று வந்தவருக்குப் படுக்கும் முன் காலுக்கு வெந்நீர் வைக்கலாம் என்று நானே முடிவு செய்தேன். ஐயாவிடம் கேட்கவில்லை. வாளியில் வெந்நீர் விட்டு விரலால் சூடு பார்த்தேன். பாதத்தை உள்ளே வைத்தார். “இன்னுங் கொஞ்சம் ஊத்து தம்பி, ஒண்ணும் தெரியல பாத்துக்கோ” என்றார். ஊற்றினேன். மறுபடியும் சொன்னார், மறுபடியும் ஊற்றினேன். அவர் முகத்தில் சுகம்தான் தெரிந்தது. வாழைத்தார் விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த வழியாக வந்த ஐயா நின்றார். குனிந்து வாளியில் முழங்கையை வைத்தார். அடுத்த நொடி பெரியவரின் இரண்டு காலையும் தூக்கி வெளியே போட்டார். பாதம் முழுக்கச் சிவந்திருந்தது. இடது பெருவிரலின் அடியில் தோல் ஏற்கெனவே நீர்கோத்து எழும்பத் தொடங்கியிருந்தது. பெரியவர் ஒன்றும் புரியாமல் எங்களையே மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வலிக்கவில்லை.

நாட்பட்ட சர்க்கரை பாதத்தின் நரம்புகளைச் சாகடித்துவிடும். “ஒண்ணும் தெரியல” என்று அவர் சொன்னது தண்ணீரைப் பற்றி இல்லை, அவருடைய காலைப் பற்றி. எனக்கு அது கேட்கவில்லை. என் விரலும் எனக்குச் சொல்லவில்லை. டெய்லராகும் முன் இரண்டு வருஷம் அயர்ன் மேஜையில் நின்றவன் நான். “அயர்ன்லயும் மிசின்லயும் காச்சுப்போன வெரலு, அது என்னத்தச் சொல்லும்?” என்றார் ஐயா. அதுவரை நான் வெந்நீர் வைத்த மற்றவர்கள் சுட்டால் தாங்களே காலை எடுத்துவிடுவார்கள். அதனால் என் விரலின் குறை வெளியே தெரியாமலே இருந்திருக்கிறது.

அன்றிரவே அவரை மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். கொப்புளம் உடைந்து புண்ணானது. சர்க்கரைப் புண் ஆறுவது எவ்வளவு கடினம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுப் போட நானே கூட்டிப் போனேன். ஆறு வாரம் ஆனது. ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் அந்த விரல் கறுத்திருக்குமோ என்று என் வயிறு கலங்கும். விரல் தப்பியது. பெரியவர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. கடைசி நாள் பஸ் ஏற்றிவிட்டபோது, “நீ வேணும்னா செஞ்ச?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையின் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

ஐயா என்னை அனுப்பவில்லை. அடுத்த மூன்று மாதம் என் வேலையை மட்டும் மாற்றினார். புதிதாக வருகிறவர்களிடம் கேள்வி கேட்டு எழுதுவது. முதல் நாள் அவர் என்னிடம் முக்கால் மணி நேரம் கேட்ட அந்தக் கேள்விகள். எந்த மாத்திரை, எத்தனை வருஷம், ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், கர்ப்பம், ஆபரேஷன். சர்க்கரைக்காரர் என்றால் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் பாதத்தில் தொட்டு, எங்கே தொட்டேன் என்று கேட்க வேண்டும். சொல்லத் தெரியாதவரின் காலுக்கு வெந்நீர் கிடையாது. மற்றவர்களுக்கும் தெர்மாமீட்டர் 40 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும், அதற்குப் பிறகும் முழங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தோல் காய்ச்சுப்போவதில்லை.

அந்த நோட்டுகளை எழுதி எழுதித்தான் இந்தத் தொழில் எனக்குப் பிடிபட்டது. தண்ணீரும் மண்ணும் பழமும் தீங்கில்லாதவை என்று நம்பி ஜனங்கள் வருகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு நாள் ராஜபாளையத்திலிருந்து ஒருவரை அவர் மகன் கூட்டி வந்தான். சிறுநீரகம் பழுது. இளநீரும் கீரைச் சாறும் தினம் கொடுத்தால் கழுவிவிடும் என்று யாரோ சொல்லி, ஒரு மாதமாக வீட்டிலேயே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். இளநீரிலும் கீரையிலும் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது. ரத்தத்தில் ஏறினால் இதயத்தையே நிறுத்திவிடும். அரை மணி நேரத்தில் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினோம். பிழைத்தார் என்று பிறகு மகன் போன் செய்தான். இளநீர் யாருக்கு விஷமாகும் என்று தெரியாதவன் இளநீரைக் கொடுக்கக்கூடாது.

பட்டினியும் அப்படியே. நல்ல உடம்புக்காரர் ஒரு நாள் எலுமிச்சைச் சாறும் தேனும் குடித்து இருந்தால் வயிறு லேசாகும். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, அளவைக் குறைக்காமல் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார். கவனிக்க ஆளில்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

2013-இல் ஐயாவோடு ரயிலேறிப் புனே போனேன். அங்கிருந்து முப்பது கிலோமீட்டரில் உருளி காஞ்சன். 1946 மார்ச்சில் காந்தி அங்கே தங்கி, கிராமத்து ஜனங்களுக்கு மண்ணும் நீரும் கொண்டு சிகிச்சை செய்தார். அங்கே உருவான ஆசிரமம் இன்றும் நடக்கிறது. திரும்பும்போது புனே சாசூன் மருத்துவமனைக்கும் ஐயா கூட்டிப் போனார். இங்கே எதற்கு என்று கேட்டேன். 1924 ஜனவரியில் எரவாடா சிறையில் இருந்த காந்திக்குக் குடல்வால் அழற்சி வந்தபோது, இந்த மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். கர்னல் மாடாக் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆபரேஷன் செய்தார். நடுவில் விளக்கு அணைந்துபோய், அரிக்கேன் வெளிச்சத்தில் முடித்தார்கள். மண்ணையும் தண்ணீரையும் அவ்வளவு நம்பிய மனுஷன், அன்று கத்திக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். ஐயா அந்தக் கட்டடத்தைக் கும்பிட்டார். அங்கே நின்றபோது எனக்குக் களக்காட்டுப் பெரியவரின் கால்தான் நினைவுக்கு வந்தது.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. சர்க்கரையை முப்பது நாளில் வேரோடு எடுப்பதாகவும், புற்றுநோய்க்குச் சாறு இருப்பதாகவும் சுவர் தோறும் எழுதிவைக்கிறார்கள். செல்போனைத் திறந்தால் அதுவே. இப்படி விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாத்திரையைக் குப்பையில் போடு என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மாத்திரையை விட்டுத்தான் நான் பிழைத்தேன், உண்மை. அது எந்த மாத்திரை, எதற்காக, எப்படி விட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து விட வைத்தார். இந்த வித்தியாசத்தை மறைத்து ஆள் சேர்ப்பவர்கள் மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

2016 முதல் அவிநாசிப் பக்கம் ஒரு சின்னச் சிகிச்சை இல்லத்தில் வேலை செய்கிறேன். படித்த இயற்கை மருத்துவர் ஒருவர் நடத்துகிறார், தொட்டியும் மண்ணும் பட்டியும் என் பொறுப்பு. என்னை யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால் திருத்திவிடுவேன். வருகிறவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். அதே கழுத்து வலி, அதே அல்சர், அதே அடக்கி வைத்த வயிறு. அவர்களில் பலருக்கு என் தொட்டியே தேவைப்படுவதில்லை. எட்டு டம்ளர் தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு, வயிறு கூப்பிட்டால் மிஷினை விட்டு எழுவது, இவ்வளவு சொல்லி அனுப்புவோம். முதலாளிமார்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: கழிப்பறைக்கு எழுந்து போகிற அஞ்சு நிமிடத்தைக் கூலியில் பிடிக்காதீர்கள். என் வியாதி அந்த அஞ்சு நிமிடத்தில்தான் ஆரம்பித்தது.

என் தலைவலி அடியோடு போய்விட்டதா என்று கேட்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும். காலுக்கு வெந்நீர் வைத்துக்கொள்வேன். அதிலும் அடங்காவிட்டால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பேன்.

இயற்கை வைத்தியத்துக்கு எங்கே போவதாக இருந்தாலும் காலையில் வெறும் வயிற்றோடு போங்கள். நீங்கள் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், கைவசமுள்ள ரிப்போர்ட்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அந்தப் பையைப் பிரித்துப் பார்க்காமலே தொட்டியில் உட்காரச் சொன்னால், உட்காராமல் திரும்பிவிடுங்கள்.